கரிசல் மண்ணும் செம்மண்ணும் கலந்த எல்லைப்புறத்தில் எந்தக் கடைக்கால், எந்த வடிகால்?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி பஞ்சாயத்துகளில் சொந்தமாக நின்று வீடு கட்டுபவருக்கு மேஸ்திரி கிடைப்பது எளிது. இரண்டு மேஸ்திரிகள் ஒரே யோசனை சொல்வதுதான் அரிது. பொள்ளாச்சிப் பக்கமிருந்து வருபவர் தூண் போட்டால்தான் வீடு நிற்கும் என்பார். சித்தூரிலிருந்து வருபவர் கருங்கல் கட்டி மேலே பெல்ட் வார்த்தால் போதும் என்பார். வரைபடம் போட்ட எஞ்சினியர் ராஃப்ட், அதாவது வீடு முழுதுக்கும் அடியில் வார்க்கும் ஒரே கான்கிரீட் தளம், என்று எழுதிக் கொடுத்திருப்பார். மூவரும் தத்தம் கை பழகிய மண்ணை வைத்துப் பேசுகிறார்கள் என்பதால் மூன்றுமே ஏதோ ஓர் இடத்தில் சரியான யோசனைதான். ஆனால் வீட்டுக்காரர் கையிலிருக்கும் மனை எந்த இடத்தைச் சேர்ந்தது என்பதை யாரும் கேட்பதில்லை.

இந்தத் தாலுகாவில் அந்தக் கேள்வி தவிர்க்க முடியாதது. கேரளத்தில் கரிசல் மண் பரவலாக உள்ள இடம் சித்தூர் தாலுகாதான். பருத்தியும் நிலக்கடலையும் விளைந்த அந்தக் கறுப்பு நிலத்துக்கு அடுத்த வரப்பிலேயே சரளை கலந்த செம்மண் தொடங்கிவிடும். ஒரே பத்து சென்ட் மனையின் இரு மூலைகளில் இரு வகை மண் இருப்பதும் உண்டு. எனவே பக்கத்து வீட்டுக்காரர் போட்ட கடைக்காலை (அஸ்திவாரத்தை) பார்த்து நாமும் போடுவது இங்கே ஆபத்தான வழி.

எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், மண் வீங்குமா என்பது. கரிசலில் உள்ள மாண்ட்மோரில்லோனைட் என்ற களி, மழையில் நீரைத் தன் அடுக்குகளுக்குள் இழுத்து உப்புகிறது. கோடையில் அந்த நீரை விட்டுச் சுருங்கி வெடிக்கிறது. வீட்டின் ஒரு மூலை எழும்ப, மறு மூலை அப்படியே இருக்கும்போது சன்னல் மூலையிலிருந்து சாய்வான விரிசல் கிளம்பும். மண்ணைச் சோதிக்கப் பெரிய செலவில்லை. காய்ந்த மண்ணை 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, 100 மி.லி. அளவுள்ள இரண்டு கண்ணாடி உருளைகளில் தலா 10 கிராம் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் நிரப்பி 24 மணி நேரம் விடுகிறார்கள். மண்ணெண்ணெயில் களி வீங்காது. ஆகவே அதைவிடத் தண்ணீர் உருளையில் எவ்வளவு கூடுதலாக உயர்ந்திருக்கிறது என்பதன் சதவீதமே வீக்கக் குறியீடு. அது 50 சதவீதத்தைத் தாண்டினால் மேஸ்திரியின் அனுபவத்தை மட்டும் நம்பி மேலே போகக் கூடாது. மாதிரி மண்ணை மேற்பரப்பிலிருந்து எடுத்துப் பயனில்லை. மனையின் இரண்டு மூலைகளிலாவது குழி வெட்டி, 1 மீட்டர் ஆழத்திலும் 2 மீட்டர் ஆழத்திலும் எடுக்க வேண்டும்.

இரண்டாவது அளவுகோல், வீட்டைச் சுற்றியுள்ள மண்ணில் ஈரம் ஆண்டு முழுதும் ஒரே சீராக இருக்குமா என்பது. பலரும் மழையை மட்டும் நினைக்கிறார்கள். மூலத்தறை வலதுகரைக் கால்வாயை ஒட்டிய மனையில், கால்வாயில் தண்ணீர் விடும் மாதங்களில் ஒரு பக்க மண் மட்டும் ஊறிக் கிடக்கும். தெற்கே தென்னந்தோப்பு இருந்து அங்கே சொட்டுநீர் ஓடினாலும் இதே நிலைதான். வடக்கே பெரிய வேப்பமரம் நின்றால் அது எதிர்ப்புறமாக வேலை செய்யும், அதாவது அந்தப் பக்கத்து ஈரத்தை உறிஞ்சிக் காய வைக்கும். கரிசல் மனையில் மரத்துக்கும் சுவருக்கும் இடையே அந்த மரம் வளரக்கூடிய உயரத்தளவு இடைவெளி விடச் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது, பிழை நேர்ந்தால் பின்னால் திருத்த முடியுமா என்பது. நான்காவது, பணம் சிறிது சிறிதாகப் போகுமா, ஒரே நாளில் போகுமா என்பது. சம்பளத்திலோ தவணைக் கடனிலோ கட்டுபவருக்கு இந்த நான்காவது சில சமயம் முதலாவதாகிவிடும்.

கூலியும் ஜல்லி, எம்-சாண்ட் விலையும் எல்லையின் இரு பக்கமும் வேறுபடுவதால் இங்கே ரூபாய்க் கணக்கு தரவில்லை. 1,000 சதுர அடித் தரைத்தள வீடு, சுவர்களின் மொத்த நீளம் 60 மீட்டர் என்று வைத்துக்கொண்டு அளவுகளைத் தருகிறேன்; உங்கள் ஊர் விலையால் பெருக்கிக்கொள்ளலாம்.

கருங்கல் கட்டும் பெல்ட்டும்

வானத்தை (கடைக்காலுக்கான பள்ளத்தை) 75 செ.மீ. அகலமும் 75 செ.மீ. ஆழமுமாகத் தோண்டிக் கருங்கல் அடுக்கி, அதன் மேல் 45 செ.மீ. அகலத்திலும் உயரத்திலும் தறை (தரைமட்டத்துக்கு மேல் வீட்டை உயர்த்தும் அடிக்கட்டு) கட்டி, உச்சியில் 23 செ.மீ. அகலமும் 20 செ.மீ. உயரமுமான கான்கிரீட் பெல்ட் ஓட்டுவது கேரளப் பக்கத்து வழக்கம். கல் கட்டு ஏறத்தாழ 46 கன மீட்டர் வரும். பெல்ட்டுக்குக் கான்கிரீட் 3 கன மீட்டருக்கும் குறைவு. 12 மி.மீ. கம்பி நான்கு ஓடினால், வளையங்களையும் சேர்த்துக் கால் டன்னுக்குச் சற்று மேல் கம்பி போதும்.

செம்மண்ணிலும் சரளையிலும் ஒரு மாடி வரைக்கும் இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. பணம் வாரக் கூலியாகப் போகும். வேலையை நடுவில் நிறுத்தித் தொடரலாம். குறை கல்லில் இருப்பதைவிடக் கட்டும் முறையில்தான் அதிகம். மண்ணுக்குள் போகும் பகுதியைக் கலவையின்றி வெறும் கல்லாக அடுக்கி, இடுக்கில் மண் போட்டுத் தண்ணீர் விட்டு நிரப்புவது இங்கே சாதாரணம். செம்மண்ணில் அது பல ஆண்டு தாங்கும். கரிசலில் அந்த இடுக்குகளே தண்ணீர் புகும் வாசல்களாகிவிடும். 1:6 சிமெண்ட் கலவையில் கட்டச் சொன்னால் செலவு கூடும், ஆனால் அது வீண் செலவாகாது.

மறைந்திருக்கும் செலவு, தறைக்குள் கொட்டும் மண்ணில் இருக்கிறது. 45 செ.மீ. உயரத்தை ஒரே தடவையில் நிரப்பி மேலே டைல்ஸ் ஒட்டினால் இரண்டாவது மழைக்குத் தரை இறங்கும். 15 முதல் 20 செ.மீ. வரை பரப்பி, நனைத்து, திமிசு போட்டு இடித்துக் கெட்டித்து, அடுத்த அடுக்கைப் போட வேண்டும். தோண்டியெடுத்த கரிசலையே உள்ளே கொட்டி மிச்சம் பிடிப்பது மிக மோசமான சிக்கனம். அது அறைக்கு நடுவில் தரையை மேலே தள்ளும்.

தூண் கடைக்கால்

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்தில் இன்று பெரும்பாலான வீடுகள் இப்படித்தான் எழுகின்றன. 1.5 மீட்டர் ஆழத்தில் பாதம் வார்த்து, தூண் எழுப்பி, தரை மட்டத்தில் தூண்களை இணைக்கும் பிளிந்த் பீம் ஓட்டுகிறார்கள். 12 தூண்களுக்குப் பாதமும் பீமும் சேர்ந்து 15 முதல் 18 கன மீட்டர் கான்கிரீட் வரும் என்று கொள்ளலாம். பின்னால் மாடி எழுப்பும் எண்ணம் இருந்தால் இதுவே வசதி.

கரிசல் ஐந்தாறு அடிக்குள் முடிந்து கீழே கெட்டிச் சரளை தட்டினால், பாதத்தை அந்தச் சரளையில் உட்கார வைப்பது நல்ல தீர்வு. கரிசல் அதற்கும் கீழே போனால் தூண் கடைக்கால் பெயரளவில்தான் ஆழமானது, ஏனெனில் பாதமும் வீங்கும் மண்ணிலேயே நிற்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கரிசலில் பிளிந்த் பீமின் அடிப்பக்கம் மண்ணைத் தொடக் கூடாது. 7 முதல் 10 செ.மீ. வெற்றிடம் விட்டால்தான் மண் உப்பும்போது பீமைத் தூக்காது. மேஸ்திரிகள் பழக்கத்தால் மண்ணின் மேலேயே அடிக் கான்கிரீட் போட்டுப் பீமை வார்த்துவிடுவார்கள். வார்த்த பிறகு இதைச் சரிசெய்ய வழியில்லை என்பதால் கம்பி கட்டும் நாளிலேயே நின்று பார்க்க வேண்டும்.

ஆழமான கரிசலுக்கென்றே ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆய்வு நிலையம் வளர்த்தெடுத்த முறை ஒன்று உண்டு. 3.5 மீட்டருக்குக் குறையாமல் துளையிட்டு, துளையின் அடியைத் தண்டின் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு அகலமாகக் குடைந்து வார்க்கும் குமிழ்ப் பைல் அது. மழையும் வெயிலும் எட்டாத ஆழத்தில் அந்தக் குமிழ் பிடித்துக்கொள்வதால் மேல்மண் உப்பினாலும் தூணை இழுக்க முடியாது. தொழில்நுட்ப நோக்கில் கரிசலுக்கு இதுவே முதல் தகுதி. ஆனால் சிறு வீட்டுக்காகத் துளைக் கருவியோடு வர ஆள் கிடைப்பது கடினம். அடியில் குமிழ் உண்மையில் குடையப்பட்டதா என்று மேலிருந்து பார்க்கவும் முடியாது. நம்பிக்கையான குழு கிடைத்தால் தயங்க வேண்டாம், கிடைக்காவிட்டால் அரைகுறையாக முயலவும் வேண்டாம்.

ராஃப்ட்

காணொளிகளைப் பார்த்து ராஃப்ட் மேல் ஆசை கொள்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டுக் காணொளிகளில் 10 செ.மீ. கனத்தில் வார்க்கும் தளம், மரச் சட்ட வீட்டுக்கானது. நம் 9 அங்குலச் செங்கல் சுவர், 3 மீட்டர் உயரத்தில், ஒரு மீட்டர் நீளத்துக்கே சுமார் 1,300 கிலோ எடை கொண்டது. எனவே நமக்குத் தேவைப்படுவது 30 செ.மீ. அளவு கனமும், சுவர்களின் கீழே இறங்கும் பீம்களும், மேலும் கீழும் இரண்டு அடுக்குக் கம்பியும் கொண்ட தளம். 1,000 சதுர அடிக்கு 30 செ.மீ. என்றால் பீம்களைச் சேர்க்காமலே 28 கன மீட்டர். எம்20 என்ற தரத்துக் கான்கிரீட் கலவையில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 8 மூட்டை வீதம் 220 மூட்டைக்கு மேல் சிமெண்ட் வரும். கம்பி கன மீட்டருக்கு 80 முதல் 100 கிலோ என்று வைத்தாலும் இரண்டே கால் டன்னுக்குக் குறையாது. அதாவது கருங்கல் பெல்ட்டில் போகும் கம்பியைப்போல் எட்டு மடங்குக்கும் மேல்.

இவ்வளவு கொடுத்து வாங்குவது விறைப்பை. அடிமண் ஒரு பக்கம் சற்று எழும்பினாலும் வீடு முழுதும் ஒரே தட்டாக அசையும். சுவர் நடுவில் பிளக்காது. மனையின் ஒரு பாதி கரிசலும் மறு பாதி செம்மண்ணுமாக இருக்கும்போதும், பழைய கிணற்றைத் தூர்த்த இடம் நடுவில் வரும்போதும் ராஃப்ட்டுக்கு ஈடான வழி குறைவு. கரிசலின் மேல் அடுக்கை ஒரு மீட்டர் அளவு வெட்டியெடுத்து, வீங்காத சரளை மண்ணை அடுக்கடுக்காகக் கெட்டித்து, அதன் மேல் வார்த்தால் இன்னும் நல்லது.

விலைப்பட்டியலில் தெரியாத செலவுகள் இங்கேதான் அதிகம். முதலாவது, ஒரே நாளில் வார்த்து முடிக்கும் கட்டாயம். நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் நின்றுபோனால் பழைய கான்கிரீட்டும் புதியதும் ஒட்டாத கோடு விழும். பிற்காலத்தில் நீர் கசிவது அந்தக் கோட்டில்தான். மனையிலேயே வைத்துக் கலக்கும் சிறு மிஷினில் 28 கன மீட்டரை ஒரே நாளில் முடிப்பது பெரும்பாடு. ஆயத்தக் கலவை லாரி 6 கன மீட்டர் கொண்டுவருவதானால் ஐந்து நடை வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி கலவையை ஏற்றிய 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பதால், ஆலை எங்கே இருக்கிறது, வழியில் சோதனைச்சாவடி நெரிசல் உண்டா, மனை வரைக்கும் பன்னிரண்டு அடிப் பாதை இருக்கிறதா என்பதெல்லாம் கடைக்காலின் தரத்தோடு சேர்ந்தவை. இறுகிவரும் கலவையில் ஓட்டுநர் குழாயைத் திறந்து தண்ணீர் விடச் சம்மதிக்கவே கூடாது.

இரண்டாவது, குழாய்கள். கழிப்பறைக் குழாயும் சமையலறைக் கழிவுக் குழாயும் எங்கே இறங்கும் என்பதை வார்ப்புக்கு முன்பே முடிவு செய்து, அங்கே உறைக்குழாய் நட்டு வைக்க வேண்டும். குளியலறையைப் பின்னால் அரை மீட்டர் நகர்த்தலாமே என்று வீட்டில் யாராவது சொன்னால், 30 செ.மீ. கான்கிரீட்டைக் குடையும் செலவையும் அவர்களிடமே சொல்லிவிடலாம்.

மூன்றாவது, மேற்பார்வை. கீழ்க் கம்பிக்குக் கீழே 5 செ.மீ. கவரிங் (கம்பியை மூடும் கான்கிரீட்) இருக்க வேண்டும். கருங்கல் துண்டை முட்டுக் கொடுக்காமல், வார்த்த கான்கிரீட் கட்டைகளையே வைக்க வேண்டும். மேல் கம்பி ஆள் மிதித்து அமுங்காதபடி நாற்காலிக் கம்பி போட வேண்டும். 28 கன மீட்டருக்கு மூன்று முறை மாதிரி எடுத்து 15 செ.மீ. கட்டிகள் வார்த்து 28ஆம் நாள் நசுக்கிப் பார்ப்பது விதி. தனி வீட்டில் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை என்றாலும், இவ்வளவு பணத்தை ஒரே நாளில் இறக்குபவர் அந்தச் சிறு செலவைத் தவிர்க்கக் கூடாது. சாம்பல் கலந்த சிமெண்ட் போட்டிருந்தால், நம் வெயிலுக்கு 14 நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும்.

| கடைக்கால் | பொருந்தும் மண் | கான்கிரீட் | பணம் போகும் விதம் | பின்னால் திருத்தம் |
|---|---|---|---|---|
| கருங்கல், பெல்ட் | செம்மண், சரளை | 3 கன மீட்டருக்குள் | வாரக் கூலி | ஓரளவு முடியும் |
| தூண், பிளிந்த் பீம் | ஆழம் குறைந்த கரிசல். மாடி எழுப்பும் வீடு | 15–18 கன மீட்டர் | மூன்று நான்கு தவணை | கடினம் |
| குமிழ்ப் பைல் | ஆழமான கரிசல் | வடிவமைப்பைப் பொறுத்தது | இரண்டு தவணை | முடியாது |
| ராஃப்ட் | கலப்பு மண், தூர்த்த இடம், கரிசல் | 28 கன மீட்டரும் பீமும் | ஒரே நாள் | முடியாது |

வடிகால்: மூன்று வழிகள்

என் கருத்தில், இந்தப் பட்டியலை மட்டும் வைத்து முடிவெடுப்பவர் பாதி முடிவைத்தான் எடுக்கிறார். கரிசலில் எந்தக் கடைக்காலும் தண்ணீரைத் தடுப்பதில்லை. தண்ணீர் செய்யும் அசைவைத் தாங்க மட்டுமே செய்கிறது. அந்த அசைவைக் குறைப்பது வடிகால். எனவே பணம் குறுகினால் கடைக்காலை ஒரு படி இறக்கலாம், வடிகாலை இறக்கக் கூடாது. 1,000 சதுர அடிக் கூரையில் 10 செ.மீ. மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் நீர் விழுகிறது. அது நான்கு மூலைக் குழாய் வழியாகச் சுவரடியில் கொட்டினால், மண்ணைச் சோதித்ததும் கம்பியைக் கூட்டியதும் அர்த்தமற்றுப் போகும்.

திறந்த சிமெண்ட் வாய்க்கால் முதல் வழி. சுவரை ஒட்டி வெளிப்பக்கம் சரிந்த கான்கிரீட் திண்ணைத் தளம் போட்டு, அதன் விளிம்பில் வாய்க்கால் ஓடவிடுவது. செம்மண்ணில் தளம் 75 செ.மீ. அகலம் இருந்தால் போதும். கரிசலில் 2 மீட்டர் வரை போவது நல்லது. சரிவு 50 செ.மீ.க்கு 1 செ.மீ. சுவரும் தளமும் சந்திக்கும் இடத்தில் தார் அடைப்பு வைக்காவிட்டால், நீர் நேராகக் கடைக்காலுக்குள் இறங்க நாமே வழி செய்ததாகிவிடும். வாய்க்கால் கண்ணுக்கு அழகாக இராது, சருகு அடைக்கும், கொசு வரும். ஆனால் அடைத்தால் கண்ணுக்குத் தெரியும், துடைப்பமும் மண்வெட்டியும் போதும். கரிசல் மனைக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

புதை வடிகால் இரண்டாவது. துளையிட்ட பிவிசி குழாயை, துளைகள் கீழ்நோக்க, ஜல்லிக்குள் புதைத்துச் சுற்றிலும் வடிதுணி மூடுவது. சரிவான மனையில் மேட்டிலிருந்து நிலத்தடியில் ஊறி வரும் நீரை, கால்வாய்க் கசிவு உட்பட, வீட்டுக்கு முன்பே மறித்துத் திருப்ப இதுவே தகுந்த வழி. வடிதுணியைச் செலவு என்று விட்டால் நுண்மண் சில ஆண்டுகளில் ஜல்லியை அடைத்துவிடும், அப்போது தோண்டினால்தான் தெரியும். கூரைநீர்க் குழாயை இதில் இணைப்பது தவறு, ஏனெனில் கடைக்காலுக்குப் பக்கத்திலேயே நீரைக் கொண்டுவந்து ஊற்றுவதாக அது முடியும். இக்குழாய் வெளியேறும் வாய் மழைக்காலத்தில் பஞ்சாயத்து ஓடையின் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பின் இது கேரளத்தில் எங்கும் கேட்க வேண்டிய கேள்வி.

உறிஞ்சு குழி மூன்றாவது. கூரைநீரை நிலத்தில் இறக்குவதைத் தமிழ்நாடு 2003இலும் கேரளம் 2004இலும் கட்டாயமாக்கின. செம்மண்ணில் இது நீரையும் சேமிக்கும், வாய்க்கால் செலவையும் குறைக்கும். கரிசலில் நீர் இறங்காது. குழி நிரம்பி வழிந்து சுற்றுமண்ணை ஊற வைக்கும். ஆகவே கரிசல் மனையில் கூரைநீரைத் தொட்டியிலோ கிணற்றிலோ வடிகட்டிச் சேர்ப்பதே பொருத்தம். செப்டிக் தொட்டியின் கழிவுநீருக்கும் இதே கணக்கு. குழியில் நீர் 25 மி.மீ. இறங்க 30 நிமிடத்துக்கு மேல் ஆனால் உறிஞ்சு குழிக்குப் பதில் கழிவுநீரை மண்ணில் பரப்பும் நீளமான பரவல் வாய்க்கால் வேண்டும். 60 நிமிடத்தைத் தாண்டினால் வடிகட்டித் தொட்டியைத் தவிர வழியில்லை. கேரள விதிப்படி குடிநீர்க் கிணற்றிலிருந்து 7.5 மீட்டர் தள்ளியே இவை அமைய வேண்டும் என்பதால், ஐந்து சென்ட் மனையில் கிணறு, செப்டிக், வீடு மூன்றின் இடத்தையும் ஒரே தாளில் குறித்துவிட்டுத்தான் வானம் தோண்டத் தொடங்க வேண்டும்.

சட்டமும் பருவமும்

மனை கேரளப் பக்கம் இருந்து, நிலப் பதிவில் நெல்வயல் என்று இருந்தால், 2008ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். வில்லேஜ் ஆபீசில் தரவு வங்கியை (இச்சட்டப்படி நெல்வயல், ஈரநிலங்களைக் குறித்த பட்டியலை) பார்க்காமல் இரண்டு லோடு மண் அடித்தால்கூட வேலை நிறுத்த நோட்டீஸ் வரலாம். சரளை கொட்டிக் கெட்டித்து அதன் மேல் ராஃப்ட் வார்க்கும் திட்டம் அதிகம் மாட்டுவது இங்கேதான். நிரப்பு மண் குறைவாகத் தேவைப்படும் தூண் கடைக்காலுக்கும் அனுமதி வேண்டும் என்றாலும், அனுமதிக்குப் பின் ஆகும் செலவு அதில் குறைவு.

பருவத்தைப் பொறுத்தவரை, கருங்கல் கட்டுக்கு ஜூன் மழை தொடங்கும் வரை அவகாசம் உண்டு. கரிசலில் ராஃப்ட்டோ தூணோ என்றால், வடகிழக்கு மழை ஓய்ந்து மண் இன்னும் வெடிக்காத ஜனவரி முதல் மார்ச் வரைதான் ஏற்ற காலம். ஏப்ரல், மே வெயிலில் வெடித்துக் கிடக்கும் மண்ணின் மேல் வார்த்தால், முதல் மழையில் அந்த மண் முழு அளவுக்கு உப்பும். தோண்டிய வானத்தை வாரக்கணக்கில் திறந்து போட்டாலும் அதே நிலைதான். கம்பியும் கலவையும் தயாரான பிறகே கடைசி அரை அடியை வெட்ட வேண்டும். மார்ச்சுக்குள் முடியாது என்று தெரிந்தால் அந்த ஆண்டு சுற்றுவாய்க்காலையும் நீர் வெளியேறும் வாயையும் மட்டும் கட்டி முடித்து, ஒரு மழைக்காலம் மனையில் நீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்துவிட்டு, அடுத்த ஜனவரியில் வார்ப்பை வைத்துக்கொள்ளலாம்.